அஞ்சாம் பாரிட்டின் எல்லைக்கல்

கல்லை நடுவதற்கு முன்னால் குழியில் கரி போட வேண்டும். ஒரு கைப்பிடி அடுப்புக்கரி, அதன்மேல் உடைந்த பாட்டிலின் அடிப்பாகம் ஒன்று, அதன்மேல் ஒரு முழம் மண், அதற்கும் மேலேதான் கல். யானை கல்லைச் சாய்க்கலாம், ஆறு அடித்துக்கொண்டு போகலாம், மனிதர்கள் பிடுங்கிப் போடலாம். கரி மட்டும் மக்காமல் மண்ணுக்குள் கிடக்கும். பின்னால் வரும் சர்வேயர் தோண்டிப் பார்த்துக் கல் நின்ற இடத்தைக் கண்டுகொள்வார். நில அளவை இலாகாவில் இருபத்தொரு வருஷம் சங்கிலி இழுத்த அய்யாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கிள்ளானுக்கும் கோலலங்காட்டுக்கும் நடுவே எத்தனை குழியில் தன் கையால் கரி போட்டிருக்கிறோம் என்பது தெரியும். அறுபத்து மூன்று.

முசிறிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் கப்பலேறி மலாய் நாட்டுக்கு வந்தவர் அவர். அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எட்டு. மூன்று வருஷம் ஒரு ரப்பர் தோட்டத்தில் புல் வெட்டினார். சதுப்பில் நடக்கப் பயப்படாத ஆட்கள் சர்வே வேலைக்கு வேண்டும் என்று கேள்விப்பட்டுப் போய் நின்றார். துரை அவர் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார்.

கால்களுக்குத்தான் அங்கே வேலை. அந்தப் பக்கத்தில் மலையோ பாறையோ கண்ணுக்குத் தட்டாது. கடலோரத்தில் கண்டல் காடு, அதைத் தாண்டினால் கட்டன் தேத்தண்ணி நிறத்தில் தண்ணீர் நிற்கும் சதுப்பு, காலை வைத்தால் தொடை வரைக்கும் உள்ளே இழுக்கும் கறுப்பு மண். சதுப்பை வற்ற வைக்க அரசாங்கம் நேர்கோடாக வாய்க்கால்கள் வெட்டி, ஒன்று இரண்டு என்று எண் போட்டிருந்தது. மலாய்க்காரர்கள் அவற்றைப் பாரிட் என்பார்கள். ஐந்தாவது வாய்க்கால் ஆற்றில் விழும் இடம் அஞ்சாம் பாரிட்.

வடக்கே கிள்ளான் ஜில்லா, தெற்கே கோலலங்காட் ஜில்லா. ஒவ்வொரு ஜில்லாவுக்கும் ஒரு துரை. துரைக்குக் கீழே ஜில்லாவை முக்கிம்களாகப் பிரித்து, முக்கிமுக்கு ஒரு பெங்குலு. பெங்குலு மலாய்க்காரர். யார் எந்த நிலத்தில் குடியிருக்கிறார்கள், யார் வீட்டில் பிறந்தது, யார் வீட்டில் செத்தது என்பதெல்லாம் அவர் வாயில் இருக்கும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதிமூன்றில் இரண்டு ஜில்லாவுக்கும் எல்லை போட்டார்கள். கிழக்கே இரண்டு மைல் தள்ளி, வண்டி போகும் சடக்குப் பாலத்தடியில் ஒரு கல். மேற்கே அஞ்சாம் பாரிட் ஆற்றில் விழும் இடத்தில் ஒரு கல். இரண்டுக்கும் நடுவே நூல் பிடித்தாற்போல எல்லை. வடக்கே குடியிருக்கலாம். தெற்கே ஒதுக்குக் காடு. மரம் வெட்டக்கூடாது, குடிசை போடக்கூடாது. மேற்குக் கல்லின் எண் நாற்பத்தொன்று. அந்தக் குழியில் கரி போட்டவர் அய்யாவு. பாட்டிலின் அடி பச்சை நிறம். சர்வேயரின் மருந்துப் பாட்டில் அது.

மூன்று வருஷம் கழித்து அந்தக் கல்லுக்கு வடக்கே ஆறு குடும்பங்கள் வந்து இறங்கின. தோட்டத்துக் கங்காணியோடு ஒத்துப்போகாமல் வெளியேறியவர்கள். பெங்குலு அவர்களுக்காகக் கிள்ளான் துரையிடம் பேசி, ஒரு வருஷத்துக்குச் செல்லும் குடியிருப்புச் சீட்டு வாங்கிக் கொடுத்தார். ஒவ்வொரு ஜனவரியிலும் சைக்கிளில் வந்து, வாய்க்கால் பாலத்தில் உட்கார்ந்து பேர் எழுதிக்கொண்டு போவார். சீட்டு புதுப்பித்து வரும். மரவள்ளி போட்டார்கள், வாழை வைத்தார்கள், மாடு வளர்த்தார்கள். பெண்கள் பால் செம்போடு கிள்ளான் பாசார் வரை நடந்தார்கள். பத்து வருஷத்தில் வாய்க்காலின் இரு கரையிலும் பதினொரு வீடு ஆகிவிட்டது. அய்யாவும் அங்கேதான் சீட்டு வாங்கிக் குடிசை போட்டார். மாதத்தில் இருபது நாள் காட்டில் கிடக்கிற ஆள், மனைவி பவுனம்மாளை மனிதர்களுக்கு நடுவில் விட்டுப் போகலாம் என்று நினைத்தார்.

பவுனம்மாள் மெலிந்த, அதிகம் பேசாத பெண். முதல் குழந்தை காய்ச்சலில் போயிற்று. இரண்டாவது, பேர் வைப்பதற்குள் போயிற்று. மூன்றாவது வயிற்றிலிருந்தபோது அவள் ஆற்றங்கரைக் கல்லுக்கு மஞ்சள் பூசி, ஒரு செம்பருத்திப் பூ வைத்துவிட்டு வந்தாள். அய்யாவு பார்த்துவிட்டுச் சிரித்தார். அது சர்க்கார் கல் என்றும், தோளில் சுமந்து வந்து தானே நட்டது என்றும் சொன்னார்.

"நீங்க நட்டா என்ன? விதையும் நாமதான் போடுறோம். முளைக்க வைக்கிறது நாமளா?" என்றாள் அவள்.

புஷ்பவல்லி பிறந்தாள், உயிரோடு இருந்தாள். அதற்குப் பிறகு மற்றப் பெண்களும் வந்தார்கள். ரெங்கசாமி என்று ஒருவர், தோட்டத்தில் இருந்தபோது கோயிலில் மணியடித்தவர், தானாகவே பூசாரி ஆனார். கல் முனியாண்டி ஆயிற்று. எண்ணெயும் மஞ்சளும் குங்குமமும் வருஷா வருஷம் ஏறி, எண் மறைந்தது. ஆடியில் பொங்கல், சேவல். கல் எதற்கு நின்றது என்பது அய்யாவையும் பவுனம்மாளையும் தவிர அங்கே யாருக்கும் தெரியாது. பவுனம்மாளுக்கோ அது ஒரு பொருட்டில்லை.

"சர்க்கார் கல்லுக்குச் சம்பளம் வாங்குற அண்ணன், சாமிக் கல்லுக்கு ஒரு தேங்கா வாங்க மாட்டேங்குறாரு" என்று ரெங்கசாமி பொங்கலுக்குப் பொங்கல் குத்திக்காட்டுவார். எல்லாரும் சிரிப்பார்கள். அய்யாவும் சிரித்துக்கொண்டே தேங்காயைக் கொடுப்பார்.

இருபத்தாறாம் வருஷக் கடைசியில் பெருவெள்ளம் வந்தது. அய்யாவு அப்போது பந்திங் பக்கத்தில் சதுப்பு அளக்கும் கூட்டத்தோடு மாட்டிக்கொண்டார். பாதை போய்விட்டது. மூன்று வாரம் ஒரு மலாய்க் கம்பத்தில், அந்தச் சிற்றூரார் கொடுத்த மரவள்ளிக் கிழங்கு தின்று கிடந்தார்கள். தண்ணீர் வடிந்து வீடு வந்து சேர்ந்தபோது வீடு நின்றது, மனைவியும் மகளும் இருந்தார்கள். அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. முகம் கழுவ ஆற்றங்கரைக்குப் போனவர், கல் இல்லாததைப் பார்த்தார்.

வீடுகளின் வடக்குக் கோடியில், வாய்க்கால் வெட்டியபோது குவித்த மண்மேடு ஒன்று உண்டு. கல் அங்கே நின்றது. தலைக்கு மேல் நாலு மூங்கிலும் ஒரு தகரமும்.

ஆறு ஏறிக்கொண்டிருந்தபோது சாமி கழுத்தளவுத் தண்ணீரில் நிற்பதைப் பார்க்கப் பொறுக்கவில்லை என்று பவுனம்மாள் சொன்னாள். ஆண்கள் மாடுகளை மேட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்கள். அவளும், ரெங்கசாமியின் மனைவி இராஜம்மாவும், இன்னும் இரண்டு பெண்களும் கடப்பாரையால் நெம்பிக் கல்லைப் பெயர்த்தார்கள். நாலு வாழைத்தண்டைச் சேர்த்துக் கட்டி, கல்லை அதில் கிடத்தி, மார்பளவுத் தண்ணீரில் தள்ளிக்கொண்டே மேட்டுக்குக் கொண்டுபோனார்கள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. புஷ்பவல்லிக்கு அந்த வாரம் வந்த காய்ச்சலும் மூன்றாம் நாள் இறங்கிவிட்டது என்றாள்.

அய்யாவு ஆற்றங்கரையிலிருந்து மேடு வரை நடந்து பார்த்தார். அவருடைய கால் பொய் சொல்லாது. ஏழு சங்கிலி, கிட்டத்தட்ட ஐந்நூறு அடி. பதினொரு வீடும் அந்த ஏழு சங்கிலிக்குள் இருந்தன. இப்போது கல்லுக்குத் தெற்கே.

சர்வே கல்லை நகர்த்தினால் ஜெயில். காடுகளின் ஓரத்தில் மூன்று மொழியில் பலகை போட்டிருப்பார்கள். வாசிக்கத் தெரியாவிட்டாலும் அவருக்கு அது மனப்பாடம். திருப்பி வைத்துவிடலாம் என்று அவர் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார். பவுனம்மாள் சோறு போட்டுக்கொண்டிருந்தவள், அகப்பையை அப்படியே வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள். மறுபடி தண்ணிக்குள்ளயா என்று கேட்டாள். அவ்வளவுதான். அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பதிமூன்று வருஷமாக எந்தத் துரையும் அந்தக் கல்லைப் பார்க்க வரவில்லை. இனியும் யார் வரப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அதுதான் அவர் செய்த தப்பு. பிற்பாடு அவர் அப்படித்தான் நினைத்தார்.

ரப்பர் விலை விழுந்தது. தோட்டங்களில் ஆட்களை நிறுத்தினார்கள். வேலை போனவர்களைக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பினார்கள். கையில் குடியிருப்புச் சீட்டு உள்ளவனை மட்டும் யாரும் தொடவில்லை. அவனுக்கு நிலம் இருந்தது, தின்னக் கிழங்கு இருந்தது. அஞ்சாம் பாரிட்டில் அந்த நாளில் யாரும் பட்டினி கிடக்கவில்லை. போக்கிடம் இல்லாதவர்கள் ஒதுக்குக் காட்டுக்குள் புகுந்து மரம் வெட்டத் தொடங்கியதால், முப்பத்திரண்டாம் வருஷம் எல்லையை மறுபடி அளக்க உத்தரவு வந்தது.

அளக்க வந்தவர் சர்வேயர் கனகசபை. யாழ்ப்பாணத்துக்காரர், பிரிக்ஃபீல்ட்ஸில் வீடு. சட்டைக் காலரில் அழுக்குப் பட்டால் அன்றைக்கே மாற்றுகிற மனிதர். ஆனால் யாரையும் அதட்ட மாட்டார். அவருடைய கூட்டத்தில் சங்கிலியின் முன்முனை அய்யாவுடையது. பாலத்தடிக் கல்லில் தொடங்கி மேற்கே வந்தார்கள். நாலு நாள். ஒவ்வொரு சங்கிலிக்கும் அய்யாவு குத்தூசியை மண்ணில் குத்தி நிமிரும்போது, தன் வீட்டை நோக்கி அறுபத்தாறு அடி நெருங்கியிருப்பார்.

நாலாம் நாள் கோடு ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தது. கல் இல்லை. கனகசபை சுற்றிலும் ஆட்களை விட்டுத் தேடினார். ஒருவன் மேட்டில் கண்டுபிடித்தான். கனகசபை செருப்பைக் கழற்றிவிட்டுத் தகரத்தடியில் குனிந்து, பேனாக்கத்தியால் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டினார். நாற்பத்தொன்று.

பழைய அளவுப் புத்தகம் இருந்திருந்தால் அங்கேயே விஷயம் முடிந்திருக்கும். அந்தப் புத்தகம் அதே பெருவெள்ளத்தில் நனைந்து, ஏடு ஏடாக ஒட்டிப்போயிருந்தது. பெரிய வரைபடம் இருந்தது. ஆனால் அதில் கல்லைக் காட்டும் புள்ளியின் கனமே பத்துச் சங்கிலி வரும். ஆகையால் கல் நிற்கிற இடமே எல்லை என்று எழுதிக்கொண்டு, சிவப்புக் கொடிகளை நட்டார்கள். கொடிகள் பதினொரு வீட்டுக்கும் வடக்கே வரிசையாக நின்றன. அய்யாவு கொடி நட்டார்.

பத்து நாளில் நோட்டீஸ் வந்தது. எல்லாரும் ஒதுக்குக் காட்டுக்குள் இருக்கிறார்கள். மாதக் கடைசிக்குள் வெளியேற வேண்டும். போக்கிடம் இல்லாதவர்கள் கப்பலுக்குப் பேர் கொடுக்கலாம்.

அன்று பிற்பகல் அய்யாவு ரெங்கசாமியின் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னார். கல் எங்கே நின்றது, ஏன் நின்றது, அது நகர்ந்ததால் என்ன ஆயிற்று என்பதெல்லாம். இராஜம்மா வாசலில் முறத்தோடு உட்கார்ந்தவள், அரிசியைப் புடைப்பதை நிறுத்திவிட்டாள். இரவோடு இரவாகத் திருப்பி வைத்துவிட்டால் என்ன என்று ரெங்கசாமி கேட்டார். சர்வேயர் இப்போதைய இடத்தை எழுதிக்கொண்டு போய்விட்டார், இனி நகர்த்தினால் எல்லாரும் உள்ளே போவோம் என்றார் அய்யாவு.

"அப்ப உண்மையச் சொல்லலாம்னா, நாலு பொம்பளைங்க ஜெயிலுக்குப் போகணும். அதுல ஒருத்தி உன் வீட்டுக்காரி, ஒருத்தி என் வீட்டுக்காரி. இத்தன வருசம் தெரிஞ்சும் வாய மூடிக்கிட்டு இருந்த ஆளு நீ. உனக்கு வேலை போகும். பேசாம இருண்ணே. சர்க்காருக்கு ஆயிரம் ஜோலி. மறந்துடுவாங்க."

சர்க்கார் மனிதர்களை மறக்கும், கல்லை மறக்காது என்பது அய்யாவுக்குத் தெரியும். அவர் எழுந்து வந்தார்.

மறக்காமல் இருந்தவர் பெங்குலு. பதினாறு வருஷமாகத் தான் பேர் எழுதிக் கொடுத்த குடிகள் திடீரென்று காட்டுக்குள் எப்படிப் போனார்கள் என்று கிள்ளான் துரையிடம் போய் நின்றார். அவருக்கு மானப் பிரச்சினை. துரை யோசித்து, கல்லுக்கு அடியில் கரி இருக்கிறதா என்று தோண்டிப் பார்க்கச் சொன்னார். கரி இருந்தால் எல்லை அதுதான். குடிகள் போக வேண்டியதுதான்.

தோண்டப்போகிற செய்தியை முதல் நாளே அய்யாவு வீட்டில் சொன்னார். பவுனம்மாள் மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தாள். புஷ்பவல்லி, பதினாலு வயது, கொட்டகைக்குள் சாணம் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"கரி இல்லன்னா என்ன கேப்பாங்க?" என்று பவுனம்மாள் கேட்டாள்.

"கரி போட மறந்துட்டியான்னு கேப்பாங்க. ஆமான்னு சொன்னா முடிஞ்சுது. கல்லு அங்கேயே இருக்கும். நாம போவோம். பதினொரு வீடும் போகும்."

"இல்லன்னு சொன்னா?"

அவர் கொட்டகையில் நின்ற மகளைப் பார்த்தார். அவள் தவிட்டைக் கலக்கிக்கொண்டே இருந்தாள். கை நிற்கவில்லை.

"நான்தான் எடுத்தேன்னு நானே சொல்லிடுறேங்க" என்றாள் கடைசியில். குரல் கொட்டகை வரைகூடப் போகவில்லை.

மறுநாள் காலையில் கனகசபை வந்தார். பெங்குலு சைக்கிளில் வந்து மேட்டடியில் நின்றார். போலீஸ்காரர் ஒருவர். பதினொரு வீட்டு ஜனமும் கூடி நின்றது. தகரத்தைப் பிரித்தபோது யாரோ ஒரு கிழவர் வாய்விட்டு அழுதார். கல்லைச் சாய்த்தார்கள். அய்யாவின் கையில்தான் மண்வெட்டி. ஒரு முழம் தோண்டினார், இரண்டு முழம் தோண்டினார், இடுப்பளவு தோண்டினார். கறுப்பு மண், வேர், தண்ணீர். வேறொன்றும் இல்லை.

கனகசபை குழியின் ஓரத்தில் குந்தினார். தாழ்ந்த குரலில் கேட்டார்.

"அய்யாவு, பதிமூண்டாம் ஆண்டு இந்தக் கல்லு நட்ட ஆக்களிலை நீரும் ஒராள் எண்டு பழைய சம்பளப் புத்தகத்திலை நேற்றுத்தான் பார்த்தன். கரி போட மறந்து போட்டீரோ?"

குழிக்குள் குனிந்து நின்ற அய்யாவுக்கு மேலே நின்றவர்களின் கால்கள் மட்டும் தெரிந்தன. பவுனம்மாளின் கால் எது என்று அவர் தேடவில்லை. அறுபத்து மூன்று குழியில் ஒன்றில்கூட அவர் மறந்ததில்லை.

"மறக்கலைங்க ஐயா. கல்லு நின்ன எடம் இது இல்ல."

மேலே ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. அவர் ஏறி வந்து, யாரையும் பார்க்காமல், மண்வெட்டியோடு ஆற்றங்கரைக்கு நடந்தார். எல்லாரும் பின்னால் போனார்கள். வாய்க்கால் வாயிலிருந்து எட்டு அடி எடுத்து வைத்து, நின்று, வெட்டினார். வெள்ளம் கொண்டுவந்த வண்டல் இரண்டு முழத்துக்கு ஏறியிருந்தது. அதற்கும் கீழே மண்வெட்டி கண்ணாடியில் பட்டுக் கிறீச்சிட்டது. பச்சை நிறப் பாட்டில் அடி. அதன் கீழே, நேற்றுப் போட்டது போல, கரி.

பெங்குலு பெருமூச்சு விட்டார். கனகசபை ஒரு துண்டுக் கரியை எடுத்து விரலால் தேய்த்துப் பார்த்தார். கைக்குட்டையில் விரலைத் துடைத்துவிட்டு, குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார்.

"கல்லை ஆர் நகர்த்தினது?"

"நான்தாங்க ஐயா."

"எப்ப?"

"இருபத்தாறு வெள்ளத்துல. சாமி தண்ணியில நிக்குதேன்னு."

கனகசபை எழுதவில்லை. பென்சிலைப் பிடித்தபடி அவரைப் பார்த்தார். அந்த வெள்ளத்தில் பந்திங்கில் மாட்டிக்கொண்ட சர்வேக் கூட்டத்தின் கதை இலாகாவில் எல்லாருக்கும் தெரியும். மரவள்ளிக் கிழங்கு தின்ற கதையை அய்யாவே பலமுறை சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறார். கனகசபை ஜனக்கூட்டத்தை ஒருமுறை பார்த்தார். பெண்கள் நின்ற பக்கத்தில் அவர் பார்வை கொஞ்சம் தங்கியது.

"நான் எழுதினால் எழுதினதுதான், அய்யாவு. பிறகு அழிக்க ஏலாது. யோசிச்சுச் சொல்லும்."

"யோசிச்சுட்டேங்க."

கனகசபை எழுதினார்.

கல்லைப் பழைய குழியில் நட்டார்கள். அதற்கு முன் சர்வே ஆட்கள் ஆற்று மணலும் தேங்காய் மட்டையும் போட்டு, பதினாலு வருஷத்து எண்ணெயையும் மஞ்சளையும் தேய்த்துக் கழுவினார்கள். வெள்ளைக் கல்லாக நின்றது. எண் இருந்த பள்ளத்தில் கறுப்புச் சாயம் விட்டார்கள். பெங்குலு பதினொரு வீட்டுக்கும் சீட்டு தொடரும் என்று சொல்லிவிட்டுப் போனார். அய்யாவைப் போலீஸ்காரர் கூட்டிக்கொண்டு போனார். விலங்கு போடவில்லை. அதற்கு அவசியம் இருக்கவில்லை.

மூன்று மாதம் தண்டனை. வேலை போயிற்று. தண்டனை பெற்றவன் பேரில் சீட்டு இருக்கக் கூடாது என்பது விதி. ஆகையால் பதினொன்றில் ஒரு சீட்டு மட்டும் ரத்தாயிற்று.

ஜெயிலிலிருந்து வெளியே வந்தவர் நேரே அஞ்சாம் பாரிட்டுக்கு நடந்தார். மேட்டில் தகரக் கூரை மறுபடி நின்றது. அதனடியில் ஆற்றிலிருந்து எடுத்த புதுக் கல் ஒன்று, புது மஞ்சளோடு. ரெங்கசாமி அவரைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். கையில் திருநீற்றுத் தட்டு இருந்தது. நீட்டவில்லை.

அய்யாவின் வீட்டில் ரெங்கசாமியின் மைத்துனர் குடும்பம் இருந்தது. சீட்டு அவர் பேரில் ஆகிவிட்டது. பவுனம்மாளும் புஷ்பவல்லியும் கிள்ளானில் ஒரு மாட்டுக்கொட்டகைக்காரர் வீட்டில் சாணம் அள்ளிக்கொண்டு, அங்கேயே ஒரு மூலையில் படுத்துக்கொள்கிறார்கள் என்று சொன்னார்கள். யாரும் அவர்களைப் போகச் சொல்லவில்லையாம். ஆனால் சாமியைச் சுரண்டிக் கழுவ விட்டவன் வீட்டுப் பெண் வாய்க்காலில் தண்ணீர் எடுக்க வந்தால், மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்களாம்.

"நீ செஞ்சது எங்களுக்குத் தெரியாம இல்லண்ணே" என்றார் ரெங்கசாமி. "வீடு நிக்குது, சரிதான். ஆனா முனியாண்டிய மட்டையால தேய்ச்சப்ப நீ பாத்துக்கிட்டு நின்ன பாரு, அத யாரும் மறக்க மாட்டேங்குறாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அய்யாவு தலையாட்டினார். திரும்பும்போது இராஜம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே போய்விட்டாள்.

கிள்ளானில் வேலை கிடைக்கவில்லை. நாற்பத்திரண்டு வயது, ஜெயிலுக்குப் போய்வந்த ஆள். இரண்டு மாதம் பார்த்துவிட்டுக் கப்பலுக்குப் பேர் கொடுத்தார். ஊரில் யார் இருக்கிறார்கள் என்று புஷ்பவல்லி கேட்டாள். அவருக்கும் தெரியவில்லை.

துறைமுகத்துக்குப் போகும் லோரிகள் கிள்ளானில் ஒரு ஆபீசுக்கு வெளியே நின்றன. மழை தூறிக்கொண்டிருந்தது. முந்நூறு பேருக்கு மேல் வரிசை. வரிசை நகராமல் நின்றபோது பவுனம்மாள், மூட்டையின்மேல் வைத்த கையை எடுக்காமல், மெதுவாகப் பேசினாள். வீட்டை விட்டு வந்ததிலிருந்து அந்த நாளைப் பற்றி அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"அன்னிக்கு நான் ஒரு அடி முன்னால வச்சேங்க. சொல்லத்தான் வந்தேன். இராஜம்மா என் முந்தானையப் பிடிச்சுக்கிட்டா."

அய்யாவு அன்றைக்குப் பார்த்ததெல்லாம் கரியையும் கனகசபையின் பென்சிலையும்தான். பெண்கள் நின்ற பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"பாத்தேன்" என்றார்.

அவள் மூக்கை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். வரிசை நகர்ந்தது.

மேசைக்குப் பின்னால் இருந்த கிராணி சின்ன வயது. நிமிர்ந்து பார்க்காமலே கேட்டு எழுதிக்கொண்டிருந்தான். பேர், வயது, எந்தத் தோட்டம். தோட்டம் இல்லை, தனிக்குடி என்றார் அய்யாவு. எந்த இடம் என்று கேட்டான்.

"அஞ்சாம் பாரிட்."

கிராணி தன் பட்டியலில் தேடினான். பக்கத்து மேசைக்காரனிடம் கேட்டான். அவன் உதட்டைப் பிதுக்கினான்.

"அது கோலலங்காட் பக்கம்தான? கோலலங்காட்னு போட்டுடவா?"

"இல்லங்க. கிள்ளான் ஜில்லா."

"நிச்சயமாத் தெரியுமா? தப்பா எழுதினா எனக்குத்தான் ஏச்சு விழும்."

"தெரியுங்க" என்றார் அய்யாவு. "கிள்ளான்தான்."

கிராணி எழுதிவிட்டு, கட்டைவிரலை மையில் தோய்க்கச் சொன்னான். அடுத்த ஆளைக் கூப்பிட்டான். புஷ்பவல்லி மூட்டையைத் தூக்கிக்கொண்டாள். மூன்று பேரும் லோரியை நோக்கி நடந்தார்கள்.